துரோகி என்று எழுதியது யார்? - ‘அந்த நாள்’ படத்தை முன்வைத்து

(தெம்பனிசில் ஒரு ஞாயிறு மாலை ‘அந்த நாள்’ திரைப்படம் காட்டப்பட்ட பிறகு நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் ஒரே ஒரு நாள் கிடைக்கும் ஓய்வை இங்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறீர்கள். இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்களும் இருக்கிறீர்கள். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை, இரண்டு மணி நேரக் கறுப்பு வெள்ளைப் படம். பொறுமையாகப் பார்த்தீர்கள். நன்றி.

“உரிமையைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் பழைய சிவாஜி படம் எதற்கு?” என்ற கேள்வி உங்களில் பலருக்கு இருக்கும். நியாயமான கேள்வி. சம்பளப் பாக்கி, குடியுரிமை, வீட்டு வாடகை என்று பேச எவ்வளவோ இருக்கிறது. ஆனால் சிறுபான்மையாக வாழ்கிற எந்த மக்களிடமும், எந்த நாட்டிலும், ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. “நீ யார் பக்கம்? உன் விசுவாசம் யாருக்கு?” என்பதுதான் அது. இந்தப் படம் முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். அதனால்தான் எடுத்துக்கொண்டோம்.

முதலில் படம்

1954ஆம் ஆண்டு ஏப்ரலில், தமிழ்ப் புத்தாண்டையொட்டி வெளிவந்த படம் ‘அந்த நாள்’. தயாரித்தது ஏவி.எம். நிறுவனம். இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். பாடல் இல்லாமல் எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப் படம் என்ற பெயர் இதற்கு உண்டு. கதாநாயகன் சிவாஜி கணேசன் முதல் காட்சியிலேயே சுடப்பட்டுச் செத்து விழுகிறார். வெளிவந்தபோது படம் சரியாக ஓடவில்லை. பாட்டுக்குப் பழகிய மக்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்றோ தமிழின் சிறந்த படங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் இதை விடுவதே இல்லை.

இந்த மாதிரிப் படங்களுக்கு ‘ஃபிலிம் நுவார்’ என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர், கறுப்புப் படம் என்று பொருள். போர்க்காலத்திலும் போருக்குப் பிறகும் அமெரிக்காவில் வந்த குற்றப் படங்களைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள். நிழல், இருட்டு, சந்தேகம், யாரையும் முழுதாக நம்ப முடியாத நிலைமை, இவைதான் அதன் அடையாளங்கள். ‘அந்த நாள்’ அந்த வகையில் தமிழில் வந்த முன்னோடி.

கதை உங்களுக்குத் தெரியும், இப்போதுதான் பார்த்தீர்கள். படத்தில் ‘அந்த நாள்’ என்பது 1943 அக்டோபர் 11. சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு போட்ட நாள். ரேடியோ பொறியாளர் ராஜன் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். துப்பறியும் அதிகாரி சிவானந்தம் ஒவ்வொருவராக விசாரிக்கிறார். அந்த வேடத்தில் நடித்த ஜாவர் சீதாராமன்தான் படத்தின் எழுத்தாளரும்.

பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபி மீது கை காட்டுகிறார். பட்டாபி தன் சொந்த மனைவி ஹேமா மீது கை காட்டுகிறான். ஹேமா, ராஜனோடு தொடர்பு வைத்திருந்த நாட்டியக்காரி அம்புஜத்தின் மீது கை காட்டுகிறாள். அம்புஜம் திரும்பிச் சின்னையா பிள்ளை மீதே கை காட்டுகிறாள். வட்டம் முடிந்துவிட்டது. நான்கு பேரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருக்க, யாருமே சந்தேகப்படாத மனைவி உஷாதான் கடைசியில் வருகிறாள். ராஜன் ஜப்பானியருக்கு ரகசியங்களை விற்ற உளவாளி. அவனைத் திருத்தப் பார்த்து முடியாமல் போன உஷாவின் கையிலிருந்த துப்பாக்கிதான் வெடித்தது.

விசாரணை சொல்லும் பாடம்

வழக்கறிஞர் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்கிறேன். இந்த நான்கு பேரும் சொன்னது சாட்சியமா? கவனித்துப் பாருங்கள். “அவனுக்குக் காரணம் இருந்தது” என்றுதான் ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். பணத்தகராறு, சொத்துத் தகராறு, கள்ளத் தொடர்பு. இவை எல்லாம் நோக்கம். நோக்கம் இருந்தது என்பதை நீதிமன்றம் கேட்டுக்கொள்ளும். சாட்சியச் சட்டத்தின் 8ஆம் பிரிவே அதற்கு இடம் தருகிறது. 1872இல் வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு எழுதிய அந்தச் சட்டத்தின் மாதிரியில்தான் 1893இல் இங்கும் சட்டம் வந்தது, இன்றும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் நோக்கம் மட்டுமே குற்றத்தை நிரூபிக்காது. கோபம் இருந்தவனெல்லாம் கொலைகாரன் என்றால் நம் புளோக்கில் ஒருவரும் வெளியே இருக்க முடியாது.

அதிகாரி சிவானந்தம் செய்கிற நல்ல காரியம் இதுதான். அவர் யார் சொல்லையும் உடனே நம்பிவிடவில்லை. எல்லாரையும் பேச விடுகிறார். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல இடம் கிடைக்கிறது. ‘கெட்ட பெயர்’ எடுத்த அம்புஜம்தான் வழக்கமான சினிமாவில் குற்றவாளியாக இருந்திருப்பாள். இங்கே அவளும் மரியாதையாக விசாரிக்கப்படுகிறாள், அவள் குற்றவாளி இல்லை என்றும் தெரிகிறது. ஒழுக்கமான மனைவி என்று யாரும் கேள்வியே கேட்காதவளிடம் உண்மை இருக்கிறது. முன்முடிவோடு விசாரித்தால் உண்மை கிடைக்காது என்பதைப் படம் தெளிவாகவே காட்டுகிறது.

அகிரா குரோசவாவின் ‘ராஷோமோன்’ என்ற 1950ஆம் ஆண்டுப் படத்தின் தாக்கம் இதில் இருப்பது எல்லாரும் அறிந்தது. ஒரே சம்பவத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் படம் அது. வேடிக்கை என்னவென்றால், ஜப்பானை எதிரியாகக் காட்டும் தமிழ்ப் படம், கதை சொல்லும் முறையை ஒரு ஜப்பானியரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. ராஷோமோன் கடைசி வரை இதுதான் உண்மை என்று சொல்வதில்லை. ‘அந்த நாள்’ சொல்லிவிடுகிறது. வழக்கை மூடிவிடுகிறது. நாம் இன்று அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கப் போகிறோம்.

படம் யார் பக்கம்?

படத்தின் அரசியல் என்ன? மேலோட்டமாகப் பார்த்தால் எளிது. நாடு பெரியது, புருஷன் சிறியவன். தேசபக்தி உள்ள படித்த பெண், துரோகியான கணவனை நோக்கித் துப்பாக்கி நீட்டுகிறாள். கணவனே கண்கண்ட தெய்வம் என்று பாடிக்கொண்டிருந்த தமிழ் சினிமாவில் 1954இல் இது பெரிய துணிச்சல். மூன்று ஆண்டு கழித்து, 1957இல், இந்தியில் வந்த ‘மதர் இந்தியா’வில் தாய் தன் மகனைச் சுட்டாள். அதற்கு முன்பே தமிழில் மனைவி துப்பாக்கி எடுத்துவிட்டாள்.

இதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1952 தீபாவளிக்கு, இதே சிவாஜி அறிமுகமான ‘பராசக்தி’ வந்தது. அதிலும் ஏவி.எம்.முக்குப் பங்கு உண்டு. போரினால் ரங்கூனிலிருந்து நாடு திரும்பும் தமிழ்க் குடும்பம், தாய்மண்ணில் பிச்சை எடுக்கும் நிலை, கடைசியில் நீதிமன்றக் கூண்டில் நின்றுகொண்டு சமூகத்தையே குற்றவாளி ஆக்கும் கதாநாயகன். அந்தப் படம் நாட்டைப் பார்த்து “எனக்கு என்ன செய்தாய்?” என்று கேட்டது. ‘அந்த நாள்’ குடிமகனைப் பார்த்து “நாட்டுக்கு நீ என்ன செய்தாய்?” என்று கேட்கிறது. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் முதல் கேள்வியைக் கேட்கவே விடாமல் இரண்டாவதை மட்டும் கேட்டால் அங்கே அநீதி தொடங்குகிறது.

இப்போது படம் சொல்லாமல் விட்ட இடத்துக்கு வருவோம். 1943 அக்டோபரில் சென்னையை ஆண்டது யார்? பிரிட்டிஷ் அரசு. காந்தியும் நேருவும் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்துக்காகச் சிறையில் இருந்தார்கள். அப்படியானால் ராஜன் துரோகம் செய்தது எந்த அரசுக்கு? இந்திய மக்களுக்கா, அவர்களை அடிமையாக வைத்திருந்தவனுக்கா? 1954இல் சுதந்திர இந்தியாவில் உட்கார்ந்து படம் எடுத்தவர்கள், 1943இன் வெள்ளைக்கார அரசையும் 1954இன் இந்தியாவையும் ஒன்றுபோலவே ‘நாடு’ என்று காட்டிவிட்டார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். ராஜனுக்கு அரசியலே கிடையாது. தன் கண்டுபிடிப்பை இங்கே மதிக்கவில்லை என்ற கசப்பு, அதன் பிறகு பணம். மனைவிக்கும் துரோகி, நாட்டுக்கும் துரோகி. அவனுக்கு ஒரு கொள்கை இருந்திருந்தால் பார்ப்பவர்கள் யோசித்திருப்பார்கள். “ஜப்பானோடு சேர்ந்தாவது வெள்ளைக்காரனை விரட்ட வேண்டும்” என்று அவன் ஒரு வரி சொல்லியிருந்தால் படம் வேறு படமாக ஆகியிருக்கும். ஏனென்றால் அந்த மாதிரி நினைத்தவர்கள் கற்பனை இல்லை. அவர்கள் இங்கே இருந்தார்கள். இந்த ஊரில் இருந்தார்கள்.

பதினொரு நாட்கள்

நாட்காட்டியை எடுத்து அக்டோபர் 11க்குப் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள்.

அக்டோபர் 17 - சயாம் பர்மா மரண ரயில் பாதையின் இரண்டு முனைகளும் ஒன்று சேர்ந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழ்த் தொழிலாளிகள் பல்லாயிரம் பேர் அந்தப் பாதையில் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அடியிலும் செத்தார்கள்.

அக்டோபர் 21 - சிங்கப்பூர் கத்தே கட்டடத்தில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். ஜப்பானின் ஆதரவோடு.

அக்டோபர் 22 - இதே சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தமிழ்ப் பெண்கள், அவர்களிலும் பலர் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். படைத் தலைவி லட்சுமி சுவாமிநாதன் 1940இல் சென்னையிலிருந்து வந்து இங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர்.

பதினொரு நாட்கள்தான். சென்னையில் ஒரு குண்டு. காஞ்சனபுரிக் காட்டில் பிணங்கள். கத்தேயில் கொடி. கையில் துப்பாக்கியோடு தமிழ்ப் பெண்கள். எல்லாவற்றிலும் ஒரு பக்கம் ஜப்பான் இருக்கிறது, மறுபக்கம் தமிழன் இருக்கிறான். ஒரு இடத்தில் ஜப்பான் எதிரி, ஒரு இடத்தில் கொலைகாரன், ஒரு இடத்தில் துணைவன். மூன்றும் உண்மை.

படத்தில் உஷா சென்னையில் படித்த பெண். நாட்டுக்காகத் துப்பாக்கி எடுத்தாள், ஜப்பானுக்கு எதிராக. லட்சுமியும் சென்னையில் படித்த பெண். நாட்டுக்காகத் துப்பாக்கி எடுத்தார், ஜப்பானின் துணையோடு. இருவரையும் நாம் தேசபக்தர் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. கேப்டன் லட்சுமி 2012இல் மறையும் வரை இந்தியா முழுவதும் மரியாதைக்குரியவராக இருந்தார், 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நின்றார். அதே படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பன் பிறகு மலேசியாவில் மக்கள் பணி செய்து 2014இல் காலமானார். இவர்களை யாராவது துரோகி என்பார்களா?

ஆனால் அன்றைய சட்டம் அப்படித்தான் சொன்னது. குண்டு விழுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு, 1943 செப்டம்பர் 10 அன்று, சென்னை மத்தியச் சிறையில் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங். பினாங்கில் பயிற்சி பெற்று இந்தியாவுக்குள் அனுப்பப்பட்டவர்கள். எதிரியின் உளவாளிகள் என்பது அவர்கள் மீதான குற்றம். ஒரு முஸ்லிம், இரண்டு இந்துக்கள், ஒரு சீக்கியர். இன்று கேரளம் வக்கம் காதரைத் தியாகி என்று கொண்டாடுகிறது. அவருடைய செயலையும் ராஜனின் செயலையும் ஒன்றாக்க நான் வரவில்லை. ஒருவர் உயிரைக் கொடுத்தார், இன்னொருவன் விலை வாங்கினான். ஆனால் சென்னையிலே ‘ஜப்பானிய உளவாளி’ என்ற கதையை எடுக்கும்போது, அதே ஊர்ச் சிறையில் அதே குற்றச்சாட்டில் தொங்கியவர்களுக்குக் கதையில் இடமில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மூவர் மீது வழக்கு நடந்தது. ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான். தண்டனைச் சட்டம் 121ஆம் பிரிவு, மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தல். புலாபாய் தேசாய் வாதாடினார், நேருவே வக்கீல் அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். அடிமைப்பட்ட மக்களுக்குத் தங்கள் விடுதலைக்காகப் போரிட உரிமை உண்டு என்பதுதான் வாதம். நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. மக்கள் கொதித்தெழுந்தார்கள், அரசு தண்டனையைக் கைவிட்டது. சட்டப் புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அதே 121ஆம் எண், அதே குற்றம், ‘மன்னர்’ என்ற இடத்தில் ‘அரசாங்கம்’ என்ற சொல்லோடு சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தில் இன்றும் இருக்கிறது. மாறியது, யார் துரோகி என்று எழுதும் பேனா யார் கையில் இருந்தது என்பதுதான்.

ஒரே மாடியில் நான்கு வீடு

இதைக் கேட்டுவிட்டு, நம்மவர் செய்தது எல்லாம் சரி என்று முடித்துவிடக் கூடாது. தெம்பனிசில் நாம் தனியாக வாழவில்லை. நம் மாடியில் சீனர் வீடு இருக்கிறது, மலாய்க்காரர் வீடு இருக்கிறது.

சீன வீட்டுப் பாட்டிக்கு அந்தக் காலம் என்றால் 1942 பிப்ரவரி, மார்ச். ஜப்பானியர் சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பொறுக்கி எடுத்துக் கடற்கரையில் சுட்டுக் கொன்றார்கள். ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். பீச் ரோட்டில் வெள்ளையாக உயர்ந்து நிற்கிறதே நான்கு தூண், அது 1967இல் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம். அந்தக் குடும்பத்துக்கு, ஜப்பானோடு கை குலுக்கியவன் எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்க முடியுமா?

மலாய் வீட்டுத் தாத்தாவுக்கு அந்தக் காலம் என்றால் பாசிர் பாஞ்சாங் பக்கம் புக்கிட் சண்டு. லெப்டினன்ட் அட்னான் சைடியும் மலாய்ப் படைவீரர்களும் கடைசி வரை ஜப்பானியரை எதிர்த்து நின்று செத்த இடம்.

நம் வீட்டுக்கே வருவோம். லிட்டில் இந்தியா போகும்போது தாண்டிப் போகிறோமே ஃபேரர் பார்க், அங்கே 1942 பிப்ரவரி 17 அன்று பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களை வெள்ளைக்காரன் ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். சிலர் புதிய படையில் சேர்ந்தார்கள். சிலர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் பலரை நியூகினிக்குக் கூலிகளாக அனுப்பினான் ஜப்பான்காரன், திரும்பி வராதவர்கள் நிறைய. சேர்ந்தவனை வெள்ளைக்காரன் துரோகி என்றான், மறுத்தவனை ஜப்பான்காரன் துரோகி என்றான். வயிற்றுப் பிழைப்புக்குப் பட்டாளத்தில் சேர்ந்த ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளை எங்கே போவான்?

எஸ்பிளனேட் அருகே இந்திய தேசிய ராணுவ நினைவிடம் இருக்கிறது. 1945 ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டி எழுப்பியதை, செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 1995இல், அந்த இடத்தில் சிங்கப்பூர் ஒரு நினைவுப் பலகை வைத்தது. ஒரே தீவில் அந்தப் பலகையும் பீச் ரோட்டுத் தூணும் நிற்கின்றன. இரண்டையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒன்றைக் காட்டி ஒன்றை மறைக்காதீர்கள்.

பட்டியலில் யார் இல்லை?

படத்தின் அரசியலைப் பார்க்க இன்னொரு வழி, யார் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது. ஐந்து பேர் விசாரிக்கப்படுகிறார்கள். இரண்டு ஆண், மூன்று பெண். அன்றைய சினிமாவுக்கு இது நல்ல கணக்கு. மூன்று பெண்களும் அழுவதற்கு மட்டும் வந்தவர்கள் இல்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு குணம் இருக்கிறது. உஷாவாக நடித்த பண்டரிபாய் கன்னடத்துக்காரர். படத்துக்குள் நாயுடு என்ற பெயரில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வருகிறார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், உருது எல்லாம் புழங்கிய பழைய மதராசின் சாயல் அதில் கொஞ்சம் இருக்கிறது. ஆந்திரா பிரிந்து ஓராண்டு கூட ஆகாத நேரத்தில் வந்த படம்.

ஆனால் அந்த ஐவரில் ஒரு முஸ்லிம் இல்லை, கிறிஸ்துவர் இல்லை, உழைத்துப் பிழைக்கும் கூலிக்காரர் இல்லை. பிள்ளை, நாயுடு என்று சாதிப் பெயர் இருக்கிறவர்களே பேசுகிறார்கள். குண்டு விழும் என்ற பயத்தில் வசதி இருந்தவர்கள் சென்னையை விட்டு ஊர்ப்பக்கம் போனார்கள். போக இடமில்லாதவன் ஊரிலேயே இருந்தான். அவனிடம் கேட்டிருந்தால் அந்த நாளைப் பற்றி அவன் வேறு மாதிரி சொல்லியிருப்பான். இதைப் படத்தின் குறையாகத் திட்டுவதற்குச் சொல்லவில்லை. நல்ல படத்திலும் ஒரு எல்லை இருக்கிறது, அந்த எல்லையைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1947இல் ‘கிராஸ்ஃபயர்’ என்று ஒரு நுவார் படம். யூதர் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மனிதன் கொல்லப்படுகிறான். இன வெறுப்பை நேராகக் காட்டிய துணிச்சலான படம். ஆனால் மூல நாவலில் கொல்லப்பட்டவன் யூதன் இல்லை, ஓரினச் சேர்க்கையாளன். தணிக்கை விதிகள் அதை அனுமதிக்காது என்பதால் மாற்றினார்கள். ஒரு சிறுபான்மைக்கு நியாயம் கேட்ட படத்திலேயே இன்னொரு சிறுபான்மை காணாமல் போனது. அந்தப் படத்தின் இயக்குநர் எட்வர்ட் டிமிட்ரிக், தயாரிப்பாளர் ஏட்ரியன் ஸ்காட் இருவரையும் அதே ஆண்டு “நீ கம்யூனிஸ்டா?” என்று நாடாளுமன்றக் குழு கேட்டது. பதில் சொல்ல மறுத்ததற்காகச் சிறைக்கும் போனார்கள். விசுவாசம் பற்றிய கேள்வி சினிமாவுக்கு உள்ளே மட்டும் இல்லை, எடுத்தவர்கள் கழுத்திலும் விழுந்தது.

நம் கதை

இப்போது நம் கதைக்கு வருகிறேன்.

உஷாவின் கையில் துப்பாக்கி இருந்தது, படம் அவளைப் புரிந்துகொள்ளச் சொல்கிறது. எஸ். ஏ. கணபதி என்று ஒரு தமிழர் இருந்தார். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். அவசரகாலச் சட்டத்தின் கீழ், துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு கேட்டுக்கொண்டும் வெள்ளைக்கார அரசு இரங்கவில்லை. அவர் யாரையும் சுட்டார் என்பது கூடக் குற்றச்சாட்டு இல்லை. ‘அந்த நாள்’ வெளிவருவதற்கு ஐந்தே ஆண்டு முன்பு நடந்தது இது. அந்தக் கணபதிக்கு ஒரு சிவானந்தம் கிடைத்திருந்தால், நிதானமாக உட்கார்ந்து அவர் பக்கத்தைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கிட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2013 டிசம்பர் 8, லிட்டில் இந்தியா, ஞாயிறு இரவு. ஒரு தமிழ்த் தொழிலாளி பேருந்தில் அடிபட்டு இறந்தார். கலவரம் மூண்டது. வண்டிகள் எரிந்தன, காவலர்களுக்கும் அடி. யாரும் அதை நியாயப்படுத்த முடியாது, நானும் நியாயப்படுத்தவில்லை. சிலர் மீது நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது, அரசு விசாரணைக் குழு அமைத்து சாட்சிகளையும் கேட்டது. அவை சரியான வழிகள். ஆனால் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் எந்த நீதிமன்றத்தின் முன்பும் நிற்காமலே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஏஜென்டுக்குக் கொடுத்த கடனோடு போனார்கள். அவர்கள் செய்தார்களா இல்லையா என்பதை ஒரு நீதிபதி எடை போடவில்லை. ஒரு வழக்கறிஞர் அவர்களுக்காக எழுந்து பேசவில்லை.

அந்த வாரங்களில் நம்மவர்களே பேசியதும் நினைவிருக்கும். “நாங்கள் இங்கேயே பிறந்தவர்கள், அவர்கள் வேறு, நாங்கள் வேறு” என்று அவசர அவசரமாகக் கை கழுவினோம். பட்டாபி தன் மனைவியையே காட்டிக்கொடுத்தானே, அதேதான். சந்தேகம் தன் மேல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் பக்கத்தில் நிற்பவனைக் கை காட்டுவது. சிறுபான்மை மக்களை இந்தப் பயம்தான் உடைக்கிறது.

என்ன செய்யலாம்?

படத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. திரும்பவும் பாருங்கள், பிள்ளைகளோடு பாருங்கள். சிவாஜியின் நடிப்பை ரசியுங்கள், மாருதி ராவின் ஒளிப்பதிவை ரசியுங்கள். பார்த்து முடித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, ‘நாடு’ என்று சொல்லும்போது அந்த நேரத்தில் ஆட்சியில் இருந்தது யார்? இரண்டு, ஒருவர் மீது காரணம் மட்டும் சொல்லப்படுகிறதா, ஆதாரமும் காட்டப்படுகிறதா? மூன்று, விசாரிக்கப்பட்டவர்கள் சரி, விசாரிக்கப்படவே இல்லாதவர்கள் யார்?

இந்த மூன்று கேள்வியும் சினிமாவுக்கு மட்டும் இல்லை. பேப்பரில் வரும் செய்திக்கும் பொருந்தும், வாட்ஸ்அப்பில் வரும் வதந்திக்கும் பொருந்தும். பங்களாதேஷ்காரரைப் பற்றி, மியன்மார்ப் பெண்ணைப் பற்றி, நேற்று வந்த தமிழ்நாட்டுத் தம்பியைப் பற்றி நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேசும் பேச்சுக்கும் பொருந்தும். நமக்கு நியாயம் கேட்கிற நாம், நம்மை விடச் சிறியவனுக்கு அதே நியாயத்தைக் கொடுக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

வேலையிடத்திலோ காவல் நிலையத்திலோ யாராவது உங்களைக் குற்றம் சாட்டினால், பயத்தில் இன்னொருவரைக் கை காட்டாதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். உங்கள் பக்கத்தைச் சொல்வது உங்கள் உரிமை. பக்கத்தில் இருப்பவருக்கும் அதே உரிமை உண்டு.

படம் தந்த தீர்ப்பு குறுகியதாக இருக்கலாம். ஆனால் தீர்ப்புக்கு முன்னால் எல்லாரையும் உட்கார வைத்துப் பேச விட்டதே, அந்த முறை பெரியது. சிறுபான்மை மக்கள் எங்கும் கேட்பது சலுகை இல்லை. தீர்ப்பு எழுதுவதற்கு முன் எங்களையும் கேளுங்கள் என்பதுதான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஜப்பான்காரன் காலத்துக் கதைகள் தெரிந்திருந்தால் எழுதி வையுங்கள், ஒலிப்பதிவு செய்து வையுங்கள். அந்தச் சாட்சிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.